மதராசில் வைத்த பேர்

கரண்ட் போன ராத்திரியில்தான் கொத்மலை வானம் முழுசாகத் தெரியும். போன லீவில் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது எங்களில் ஒருத்தர் கேட்டார்: "இதுக்கெல்லாம் யாரு பேர் வைக்கிறது?" தேடிப் பார்த்தால் கதை மதராசுக்குப் போனது.

1861 ஏப்ரல் 17. மதராஸ் வானாய்வகத்தில் நோர்மன் பொக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது என்பதால் பேரும் 'ஆசியா', எண் 67. அதே மதராஸ் மாகாணத்திலிருந்துதான் அந்தக் காலத்தில் நம்ம ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்துகொண்டிருந்தார்கள்.

பொக்சன் இங்கிலாந்தில் இருந்தபோது, 1856இல் கண்ட 42ஆம் சிறுகோளின் பேர் ஐசிஸ். அது அவருடைய மகளின் பேர். அந்த மகளே பிறகு மதராஸ் வானாய்வகத்தில் உதவியாளராக வேலை செய்தார்.

அங்கே சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளரும் இருந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பேர் 'ஆர் ரெட்டிகியூலி': ஒரு எழுத்து, அதோடு விண்மீன் கூட்டத்தின் பேர். அந்த வகைக்கு யார் கண்டாலும் அப்படித்தான் வைப்பார்கள், ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இங்கே பக்கத்தில் புசல்லாவையிலும் ரொத்சைல்ட் தோட்டம்தானே இருக்கிறது, காட்டை வெட்டியவர்களின் பேரிலா இருக்கிறது?

1885க்குப் பிறகு இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க 1988 பெப்ரவரி ஆகிவிட்டது. ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்தார். முதலில் அது வெறும் '1988 டிகியூ1'. 'டி' என்றால் பெப்ரவரியின் பின்பாதி. 'கியூ1' என்றால் அந்தப் பாதியில் பதிவான 41ஆவது. சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண், 4130. அதற்கும் பிறகுதான் பேர்: ராமானுஜன். கும்பகோணத்தில் வளர்ந்த கணக்குப் பிள்ளை இப்போது சூரியனைச் சுற்றுகிறார்!

கண்டுபிடித்தவர் பேரை முன்மொழியலாம், தன் பேரை வைக்க முடியாது. அரசியல்வாதி, தளபதி என்றால் செத்து நூறு வருசம் கழிய வேண்டும். (இந்த விதியை நம்ம ஊர் விளையாட்டு மைதானங்களுக்கும் கொண்டுவரலாம்.) முடிவெடுப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. எண் கிடைத்த சிறுகோள்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பேர் இல்லை.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இதையெல்லாம் எங்களில் ஒருத்தரின் அம்மாயியிடம் சொன்னபோது கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நம்பர் போட்டாங்க, பேர் போடலியா? அங்கயுமா?"