கட்டு போட்ட கையில் தாங்க முடியாத வலியா? விடியட்டும்னு காத்திருக்காதீங்க!

பைக்கிலிருந்து விழுந்து கையில் அடிபட்டால், எக்ஸ்ரேயில் எல்லோரும் எலும்பைத்தான் பார்ப்போம். முன்னங்கையின் இரண்டு எலும்பும் உடைந்தால், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன்தான். எலும்பு கூடிவிடும். கவலையே நரம்பும் தசையும்தான்.

முன்னங்கைத் தசைகளைச் சுற்றி, விரிந்துகொடுக்காத உறை இருக்கிறது. உள்ளே வீங்கினால் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைபடும். இதுதான் 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்'. இறுக்கமான மாவுக்கட்டும், மூங்கில் பத்தை வைத்த நாட்டுக்கட்டும் இதை மோசமாக்கும். 'கட்டு போட்டா வலிக்கத்தானே செய்யும்'னு இருந்துடாதீங்க. மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை யாராவது நீட்டிவிட்டால் உயிர்போகும் வலி, மரத்துப்போதல்... ஒன்று இருந்தாலும் நடுராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நாடி துடிக்கிறதே என்று சமாதானமாக வேண்டாம். ஆரம்பத்தில் அது துடிக்கத்தான் செய்யும்.

முதலில் கட்டைப் பிரிப்பார்கள். அழுத்தம் குறையாவிட்டால் 'ஃபேசியாடமி'. அதாவது, தோலையும் உறையையும் நீளமாகக் கீறித் திறந்துவிடுவார்கள். சில நாள்கள் புண்ணை மூடாமல் வைத்திருப்பார்கள், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால், சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசை செத்துப்போகும், விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். 1881-ல் இதை விவரித்த ஜெர்மன் டாக்டர் வோல்க்மன் பெயராலேயே இன்றும் இதை அழைக்கிறார்கள்.

கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தால், மைக்ரோஸ்கோப் உதவியோடு தைக்கலாம். உணர்ச்சி உடனே திரும்பாது. நரம்பு ஒரு நாளைக்கு வளர்வது சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு வரவே மாதங்கள் ஆகும். அதுவரை பிசியோதெரபியை விட்டுடாதீங்க. மரத்த விரலால் சூடான டம்ளரைத் தொடும்போதும் ஜாக்கிரதை, சுட்டதே தெரியாது.