யானைக்கவுனியின் வெந்நீர்: செப்புப் பாய்லர் முதல் கீசர் வரை

யானைக்கவுனி, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு வடக்கே வால்டாக்ஸ் சாலையை ஒட்டி அமைந்துள்ள பழைய குடியிருப்பு, வணிகப் பகுதியாகும். கவுனி என்பது கோட்டை வாயிலைக் குறிக்கும் சொல். 18ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் வாயில்களில் ஒன்று இவ்விடத்தில் இருந்தது. மதில் மறைந்துவிட்டது; பெயர் நிலைத்துவிட்டது.

இப்பகுதியை மையமாகக் கொண்டு, வீடுகளில் வெந்நீர் போடும் கருவிகள் மாறிவந்த வரலாற்றையும் அவற்றின் பழுதுகளை அறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. கருவிகள் பல முறை மாறியுள்ளன. ஆனால் அவற்றைக் கெடுக்கும் காரணங்கள் பெரும்பாலும் பழையவையே: நீரில் கரைந்துள்ள உப்பு, கட்டுமீறிய சூடு, வெளியேற வழியில்லாத அழுத்தம்.

நீரின் வரலாறு

வெந்நீர்க் கருவியின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அதில் ஊற்றும் நீர். யானைக்கவுனிக்கு அருகிலுள்ள ஏழுகிணறு, 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கியது. பொதுமக்கள் வீட்டுக் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தனர். 1872இல் புழல் ஏரி நீர் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டு, குழாய்கள் மூலம் நகருக்குள் அனுப்பப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன.

மழையால் நிரம்பும் ஏரி நீரில் சுண்ணாம்பு உப்புகள் பொதுவாகக் குறைவு. நிலத்தடி நீரில் அதிகம். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் மிகையாக இறைக்கப்பட்டதால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது. 2010இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது பல வீடுகள் லாரித் தண்ணீரையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நாடின. இவ்வாறு ஒரே வீட்டுக் கருவிக்குள் ஓர் ஆண்டு மென்னீரும் மறு ஆண்டு கடினநீரும் செல்வதுண்டு.

செப்புப் பாய்லர்

மின்சாரம் பரவுவதற்கு முன் விறகடுப்பில் ஏற்றிய அண்டாவும் தவலையுமே வெந்நீருக்குப் பயன்பட்டன. வசதியுள்ள வீடுகளில் செம்பு அல்லது பித்தளைப் பாய்லர் இருந்தது. அதன் நடுவிலுள்ள குழாயில் கரி, விறகுத் துண்டு, கொட்டாங்கச்சி ஆகியவை எரியும்; சுற்றியுள்ள பகுதியில் நீர் சூடாகும். மேலே தண்ணீர் ஊற்ற ஊற்ற, பக்கத்துக் குழாய் வழியே வெந்நீர் வரும்.

இக்கருவியின் பழுது கண்ணுக்குத் தெரியும். உட்புறம் வெள்ளையாக உப்புப் படிந்தால் புளி போட்டுத் தேய்ப்பார்கள். இணைப்பில் கசிந்தால் பாத்திரப் பட்டறையில் பற்றவைப்பார்கள். தண்ணீர் இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது என்பது வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த விதி. மீறினால் நடுக்குழாய் ஓட்டையாகிவிடும்.

மின்சாரத்தின் வருகை

யானைக்கவுனிக்கு வடக்கே உள்ள பேசின் பிரிட்ஜில் மெட்ராஸ் மின்விநியோக நிறுவனத்தின் மின்நிலையம் செயல்பட்டது. அந்நிறுவனத்தை 1947இல் அரசு ஏற்றது. 1957 ஜூலை 1 அன்று மாநில மின்வாரியம் உருவானது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கி, 2017 வரை இயங்கியது.

மின்சாரத்தால் நீரைச் சூடாக்குவதை எளிதாக்கியது நிக்ரோம் என்னும் நிக்கல்-குரோமியக் கலப்பு உலோகம். அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். செந்நிறமாகக் காய்ந்தாலும் இக்கம்பி எளிதில் எரிந்து போவதில்லை.

பல குடும்பங்கள் ஒரே குளியலறையைப் பகிரும் ஒண்டுக்குடித்தன வீடுகளுக்கு வாளியில் போடும் ஹீட்டர் கம்பியே பொருத்தமாக இருந்தது. சுவரைத் துளைக்க வேண்டாம். வீடு மாறினால் கையோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் மேலுறை வெடித்த கம்பி வாளி நீர் முழுவதிலும் மின்சாரத்தைப் பாய்ச்சும். எனவே கம்பியை நீரில் வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகே நீரைத் தொட வேண்டும். இரும்பு, அலுமினிய வாளிகளைத் தவிர்க்க வேண்டும்.

கீசர்

கீசர் என்ற பெயர் ஐஸ்லாந்து நாட்டின் கெய்சிர் என்னும் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் தமது எரிவாயுக் கருவிக்கு இப்பெயரைச் சூட்டினார். 1889இல் நார்வேயில் பிறந்த எட்வின் ரூட், அமெரிக்காவில் தானியங்கிக் கொதிகலனை உருவாக்கினார்.

இன்றைய மின்சாரக் கீசரில் உள்தொட்டி, காயில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட், பாதுகாப்பு வால்வு ஆகியவை உள்ளன. எஃகுத் தொட்டிகள் பலவற்றில் மக்னீசியத் தண்டும் உண்டு. அது தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. இம்முறை கப்பலிலிருந்து வந்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் அடியில் போர்த்திய செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காதிருக்கத் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டை இணைக்கலாம் என்று காட்டினார்.

பாய்லரில் கண்ணால் கண்டதைக் கீசரில் அறிகுறிகளால்தான் அறிய முடியும்.

பழுதுகளும் காரணங்களும்

சூடே ஏறாமை: முதலில் எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிளக் கருகியிருந்தால் இணைப்பு தளர்ந்துள்ளது. அவை சரியாக இருந்தால் கட்-அவுட், தெர்மோஸ்டாட், காயில் என்ற வரிசையில் சோதிப்பர். 230 வோல்ட், 2000 வாட் காயிலின் மின்தடை சுமார் 26 ஓம். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் காயில் அறுந்துள்ளது.

தாமதமாகச் சூடேறுதல்: 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 2000 வாட் காயிலுக்கு ஏறத்தாழ 14 நிமிடம் தேவை. மின்னழுத்தம் 190 வோல்ட்டாகக் குறைந்தால் அதே வேலைக்கு 21 நிமிடம் ஆகும். அப்போது குறை கீசரில் இல்லை.

படபடவென்ற ஒலி: கடினநீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகக் காயிலின் மேல் படிகிறது. அப்படிவுக்குள் சிக்கிய நீர் கொதிப்பதால் ஒலி எழுகிறது. வெப்பம் நீருக்குச் செல்லத் தடை ஏற்பட்டு, காயில் மிகையாகக் காய்ந்து வெடிக்கும். நீரை வடித்து, காயிலைக் கழற்றி, வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் படிவு நுரைத்துக் கரையும். புளியின் வேலையும் இதுவே. கழிவறை கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்தினால் காயிலின் உறையும் அரிக்கப்படும். பொருத்தும்போது ரப்பர் வாஷரைப் புதிதாக மாற்ற வேண்டும்.

செந்நிற நீர்: வெந்நீரில் மட்டும் நிறம் இருந்தால் மக்னீசியத் தண்டு தீர்ந்து, தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். குளிர்நீரிலும் இருந்தால் குழாயே காரணம்.

வால்வில் சொட்டுதல்: 15 லிட்டர் நீர் 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய கால் லிட்டர் விரிவடையும். எனவே சூடாகும் நேரத்தில் சிறிது சொட்டுவது பழுதன்று. எப்போதும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் பழுதாகும் நாளில் தொட்டி வெடிக்கும்.

குழாயில் ஷாக்: இது அவசர நிலை. மெயின் சுவிட்சை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். பெரும்பாலும் காயில் உறை வெடித்திருப்பதும் எர்த் இணைப்பு அறுந்திருப்பதும் சேர்ந்தே காரணமாகின்றன. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் உயிரைக் காக்கும்.

எரிவாயுக் கீசர்

எரிவாயுக் கீசர் பற்றாமல் போவதற்குப் பேட்டரி தீர்ந்திருப்பதோ நீரழுத்தம் குறைந்திருப்பதோ பொதுவான காரணம். மேல்தொட்டிக்கும் குளியலறைக்கும் உயர வேறுபாடு குறைவான பழைய மாடி வீடுகளில் இரண்டாவது காரணம் அதிகம். ஆனால் பழுதில்லாத கருவியும் ஆபத்தானதே. சன்னலற்ற சிறிய குளியலறையில் அது எரியும்போது ஆக்சிஜன் குறைந்து, மணமற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. உள்ளே இருப்பவர் ஆபத்தை உணரும் முன்னரே மயங்குவார். இக்கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதே முறை.

வாங்கும்போது

சேமிப்பு வகைக் கீசருக்கு ஐ.எஸ். 2082 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. வாங்குபவர் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திரக் குறியீட்டையும் பார்ப்பதோடு, தம் வீட்டு நீர் ஏரி நீரா, ஆழ்குழாய்க் கிணற்று நீரா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கடினநீர் வரும் வீடுகளில் ஆண்டுக்கொரு முறை காயிலைத் திறந்து பார்ப்பது, புதிய காயில் வாங்குவதைவிடச் செலவு குறைந்தது.