கடைப் பேர் போட்ட சானிடைசர் பாட்டில்



இந்த மலரில் சேமிப்பு, கடன், கறவை மாடு பற்றியெல்லாம் மற்ற அக்காமார்கள் எழுதுவார்கள். நான் 2020-ல் நம்ம வீடுகளுக்குள் வந்த சானிடைசர் பாட்டிலின் வரலாற்றை எழுதுகிறேன். துணிக்கடை, நகைக்கடை, உரக்கடை என்று ஏதாவது ஒரு பேர் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்களே, அந்தப் பாட்டில்.

கடைக்காரர்கள் தங்கள் பேரைப் போட்டு ஒரு பொருளைக் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. மஞ்சப்பை அப்படித்தான் வந்தது. தினசரி காலண்டரும் அப்படித்தான். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். காலண்டர் சுவரில் தொங்கினால் 365 நாளும் கடையின் பேர் கண்ணில் படும். பை கிழிகிற வரைக்கும் தோளில் தொங்கும். கொடுப்பவருடைய கணக்கு அவ்வளவுதான்.

சானிடைசர் பிறந்த கதை வேறு. அது ஒரு பெண்ணின் அழுக்குக் கையில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரான் என்று ஒரு ஊர், ரப்பர் கம்பெனிகளுக்குப் பேர் போனது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கோல்டி லிப்மன் என்ற பெண் அங்கே ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கையில் ஒட்டிய கரியும் தாரும் போவதற்குத் தொழிலாளர்கள் மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய்களைப் போட்டுத் தேய்ப்பார்களாம், தோல் புண்ணாகிவிடும். கோல்டியும் அவர் வீட்டுக்காரர் ஜெர்ரியும் ஒரு பேராசிரியரின் உதவியோடு கையைக் கெடுக்காத ஒரு கழுவும் பொருளைச் செய்து, 1946-ல் கோஜோ கம்பெனியை ஆரம்பித்தார்கள். வீட்டு நிலவறையில் வாஷிங் மெஷினில் போட்டுக் கலக்கி, ஓட்டல்களில் காலியான ஊறுகாய் பாட்டில்களை வாங்கி வந்து அடைத்து விற்றார்கள். படித்தபோது நம்ம குழு ஊறுகாய் போட்ட கதை மாதிரியே இருந்தது!

அதே கம்பெனிதான் 1988-ல் தண்ணீர் இல்லாமலே கையைச் சுத்தம் செய்யும் பியூரெல் என்ற சானிடைசரைக் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும்தான் முதலில் விற்றார்கள். சாதாரண கடைக்கு வந்தது 1997-ல். பிறகு உலக சுகாதார நிறுவனம் 2009-ல் எல்லா நாடும் செய்துகொள்ளும்படி ஒரு செய்முறையைக் கொடுத்தது. எத்தனால் 80 சதவீதம், தோல் காயாமல் இருக்க கொஞ்சம் கிளிசரின், துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. கலந்து மூடி மூன்று நாள் வைத்த பிறகுதான் எடுக்கணும்.

2020 மார்ச் 13-ல் மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. எட்டே நாளில், 200 மில்லி பாட்டில் 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. சாராய ஆலைகளும் சர்க்கரை ஆலைகளும் சானிடைசர் செய்தன. தட்டுப்பாடு தீர்ந்ததும் கம்பெனிகளுக்கு யோசனை வந்துவிட்டது. காலண்டரைச் சுவரில்தான் மாட்டுவார்கள், இதைப் பையில் வைத்துக்கொண்டே திரிவார்கள், ஒரு நாளைக்குப் பத்து தடவை எடுப்பார்கள். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேணும்?

அந்த சமயத்தில் எங்கள் குழுவுக்கும் ஒருவர் ஆர்டரோடு வந்தார். ஒரு கம்பெனி பேரில் 50 மில்லி பாட்டில் நிரப்பி, லேபிள் ஒட்டித் தரணும், பாட்டிலுக்கு 2 ரூபாய் கூலி. ஊரடங்கில் எட்டுப் பேருக்கு வேலையே இல்லாத நேரம், எல்லோருக்கும் ஆசைதான். கேனில் என்ன இருக்கு என்று செயலாளர் அக்கா கேட்டார். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும், லேபிள் பளிச்சுனு இருக்கட்டும்" என்றார் வந்தவர். செய்தவர் பேர் எங்கே, லைசென்ஸ் நம்பர் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சானிடைசர் தயாரிக்க மருந்து லைசென்ஸ் வேணும். அன்று இரவு கூட்டத்தில் சண்டையே வந்தது. "பசிக்குற நேரத்துல சட்டம் பேசுறீங்களேக்கா" என்று அழுத ஒருத்தியை எனக்கு இப்பவும் மறக்கவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முகக்கவசம் தைத்து நாலு மாசம் ஓட்டினோம்.

அந்த ஜூன் மாசமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சில சானிடைசர்களில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் இருப்பதாக எச்சரித்தது. ஆகஸ்டில் இன்னொரு எச்சரிக்கை. பீர் டின்னிலும், குழந்தைகள் உறிஞ்சிச் சாப்பிடுகிற பை மாதிரியும் அடைத்து விற்கிறார்கள், ஏமாந்து குடித்துவிடுவார்கள் என்று. நம்ம பக்கத்து ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தில், மதுக்கடை மூடியிருந்ததால் சானிடைசரையே குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காலண்டரில் தேதி தப்பாக அடித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இது கையில் பூசுகிற பொருள், பிள்ளை கைக்கும் எட்டுகிற பொருள்.

இன்றைக்கும் விழாவுக்கு இதைக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், கொடுக்கிற இடம் பொறுத்தது என்பேன். வெளியூர் பயணம், ஆஸ்பத்திரி, அன்னதானப் பந்தல் என்றால் உபயோகப்படும். வயலில் சேறு மிதித்து வந்தவருக்கு சோப்புதான் சரி, அழுக்குப் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. காலாவதி தேதியை மறைத்துக் கடைப் பேரை ஒட்டினால் வாங்கவே கூடாது. அடுப்புப் பக்கம் வைக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பாட்டில் ஆர்டர் பேச்சு நின்று, பை ஆர்டர் வர ஆரம்பித்தது. போன தீபாவளிக்கு ஒரு பாத்திரக்கடைக்கு 300 பை தைத்தோம். வெளியே அவர் கடைப் பேர். உள் மடிப்பில் நம்ம கூட்டமைப்புப் பேரைச் சின்னதாகத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம், சரி என்றார்.