ஆடிட் என்றால் காதால் கேட்பது



வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். பேங்க், லெட்ஜர், கேஷ், செக், ஆடிட் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று வேலையில் இருந்தவரை யோசித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஆங்கில அகராதியை நிதானமாகப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இவற்றில் பல சொற்கள் ஒரு காலத்தில் கண்ணால் பார்த்த, கையால் தொட்ட பொருள்களின் பெயர்கள்.

பேங்க் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றித் தருபவர் தன் முன்னால் போட்டிருந்த பலகைக்கு 'பாங்கா' என்று பெயர். நாம் பள்ளியில் உட்கார்ந்த பெஞ்சும் அதே வேரில் பிறந்ததுதான். திவால் ஆனவரை 'பாங்க்ரப்ட்' என்கிறோமே, அதன் நேர்ப் பொருள் 'உடைந்த பலகை'. லெட்ஜர் என்றால் ஒரே இடத்தில் கிடக்கும் பெரிய புத்தகம். தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் கிடந்தது என்று விளக்க வேண்டியதில்லை! டெல்லர் என்றால் எண்ணுபவர், கவுன்ட்டர் என்றால் எண்ணும் மேசை. வாடிக்கையாளரின் கண் எதிரே எண்ண வேண்டும் என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

கேஷ் என்பது முதலில் பணம் வைக்கும் பெட்டியைக் குறித்தது. அதற்கும் நம்முடைய காசுக்கும் பிறப்பில் உறவில்லை. ஆனால் நம் காசு போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது, அதுவும் 'கேஷ்' என்றே ஆகிவிட்டது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அவர்கள் வெளியிட்ட செப்புக் காசில் 'கேஷ்' என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருந்தார்கள்.

இனி, என்னை மிகவும் யோசிக்க வைத்த கதைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் அரசுக் கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். அதன் பொருள் சதுரங்கப் பலகை. 12ஆம் நூற்றாண்டில் மன்னருக்கு வரி வசூலித்துத் தரும் ஷெரிஃபுகள் ஆண்டுக்கு இரண்டு முறை அந்த அலுவலகத்துக்கு வர வேண்டும். அங்கே பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. அதன் மேல் கட்டம் கோடு போட்ட கருப்புத் துணி. கட்டங்களில் காய்களை வைத்துக் கூட்டிக் கழித்தார்கள். ஒரு வரிசை பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு என்று போகும். அன்று எழுத்தில் இருந்தது ரோமன் எண்கள். அவற்றைத் தாளில் கூட்டுவது பெரும்பாடு. காய் வைத்தால் எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி அந்தக் காலத்திலேயே ஒரு நூலாக எழுதி வைத்திருக்கிறார். நம் செக் புத்தகத்தின் பெயரிலும் இந்தச் சதுரங்கம்தான் ஒளிந்திருக்கிறது.

சரி, கட்டிய பணத்துக்கு ரசீது? அதற்கு ஒரு மரக்குச்சி. 'டாலி' என்று பெயர். குச்சியில் வெட்டும் பள்ளத்தின் அகலம்தான் தொகை. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனம், நூறுக்குக் கட்டைவிரல் அளவு, இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு விளைந்த வாற்கோதுமை மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். இரண்டு பாதியிலும் அதே பள்ளங்கள் இருக்கும். நீளமான பாதி பணம் கட்டியவருக்கு, மற்றது அலுவலகத்துக்கு. அடுத்த முறை வரும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் தன் பாதியில் கூடுதலாக வெட்டினால் உடனே தெரிந்துவிடும். பணம் கட்டியவரிடம் இருந்த பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். அந்தச் சொல்லின் பழைய பொருள் மரக்கட்டை. அலுவலகத்தில் இருந்த பாதிக்கு 'ஃபாயில்'. நாம் பத்திரமாக எடுத்து வைக்கும் கவுன்ட்டர்ஃபாயில் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தக் குச்சிகளைக் கைவிட 1782இல் சட்டம் போட்டார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களின் காலம் முடியட்டும் என்று காத்திருந்து, 1826இல்தான் உண்மையில் நிறுத்தினார்கள். மிஞ்சிய பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். நாள் முழுக்க இரண்டு வண்டிப் பாரம் எரிந்தது. புகைபோக்கி சூடேறி, மாலையில் கட்டடமே தீப்பிடித்தது. இரண்டு சபைகளும் சாம்பல். இன்று படங்களில் பார்க்கிறோமே, பிக் பென் கோபுரத்தோடு கூடிய நாடாளுமன்றக் கட்டடம், அது அதற்குப் பிறகு கட்டியது.

கடைசியாக ஆடிட். லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்குக் 'கேட்பது' என்று பொருள். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் இதன் உறவினர்கள்தான். அந்தக் காலத்தில் பண்ணைக் காரியஸ்தர் வரவு செலவை உரக்கச் சொல்லுவார். கணக்குக் கேட்பவர் எதிரில் உட்கார்ந்து கேட்பார், இடையில் நிறுத்திக் கேள்வி போடுவார். அப்படிக் கேட்பவர்தான் ஆடிட்டர். நான் பி.காம். படித்தபோது ஆடிட்டிங் ஒரு தனிப் பாடம். நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். இந்தப் பொருள் மட்டும் அப்போது தெரியாது.

இதை ஏன் நம் காலாண்டு இதழில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு சங்கத்தின் பொருளாளராக இருந்தபோது அரையாண்டுக் கணக்கை நான்தான் வாசித்தேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. பலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாரே பேங்க்ல இருந்தவரு, சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டபோது 14,600 ரூபாய் உதைத்தது. ஜெனரேட்டர் டீசல் பில் ஒன்றை இரண்டு இடத்தில் செலவாக ஏற்றியிருந்தேன். பணம் எங்கும் போகவில்லை, வங்கியில்தான் இருந்தது. செயலாளரிடம் சொல்லி, திருத்தத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அதைப் பற்றியும் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். அந்த இடத்தில் தெரியாமல் செய்த தவறுக்குப் பதில் தெரிந்தே செய்த தவறு இருந்திருந்தாலும் இதே கைதட்டல்தான் கிடைத்திருக்கும்.

மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்டி ரசீது வாங்குகிறோம். குச்சியில் நம் பாதி நம்மிடம் இருக்கிறது. ஆனால் மற்ற பாதியோடு சேர்த்துப் பார்க்கிறோமா?

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. காதால் கேட்பதும் கேள்வி கேட்பதும் நமக்கு ஒரே சொல். அடுத்த பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போது தயவுசெய்து இரண்டு விதமாகவும் கேளுங்கள். புதிய பொருளாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி என்னுடையதாக இருக்கும், இரண்டாவது உங்களுடையதாக இருக்கட்டும்.