கட்டுவிரியன் என்னும் விசைப்படகு

மரத்தாற் செய்த பொருள்களுள் படகைப்போல் விரைந்து முதுமை அடைவது பிறிதொன்று இல்லை. வீட்டுத் தூண் நூறாண்டு நிற்கும். தேர் தன் கொட்டகை நிழலில் அதனினும் நெடுங்காலம் நிற்கும். படகோ, கீழே உப்பு நீரும் மேலே மழையும் வெயிலும் தாக்க, நாள்தோறும் தேய்வது. ஆதலின், பழைய மரப்படகு ஒன்று இன்று கண்முன் நிற்குமாயின், அது தானே நின்றதன்று; பலர் கை மாறிமாறிப் பலகை மாற்றி நிறுத்தியது என்றே கொள்ளல் வேண்டும். அங்ஙனம் நிறுத்துங்கால் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது, எந்தக் காலத்து வடிவை மீட்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவை தச்சர்க்கு மட்டும் உரியன அல்ல. வரலாறு கற்பிப்பார்க்கும் உரியன. இவற்றை ஆராய்தற்கு ஏற்ற சான்றாக விளங்குவது, சிங்கப்பூரின் போர்க்கால வரலாற்றோடு பிணைந்த 'கிரைட்' என்னும் விசைப்படகு. கிரைட் என்பது வட இந்தியச் சொல்வழி ஆங்கிலத்திற் புகுந்த பாம்பின் பெயர். தமிழர் அதனைக் கட்டுவிரியன் என்பர்.

பிறப்பும் முதற்பெயரும்

இப்படகு 1934ஆம் ஆண்டு ஜப்பானில் நாகஹாமா என்னும் ஊரில் மீன்பிடித் தொழிலுக்காகக் கட்டப்பெற்றது. நீளம் ஏறக்குறைய 70 அடி. அகலம் 11 அடியே. நீளம் அகலத்தின் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட ஒடுங்கிய உடல். டீசல் இயந்திரத்தால் ஓடியது. அதற்கு முதலில் இட்ட பெயர் 'கோஃபுக்கு மாரு'. கோஃபுக்கு என்றால் இன்பம். மாரு என்பது ஜப்பானியர் தம் கலங்களின் பெயர்க்குப் பின் சேர்க்கும் மரபுச் சொல். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு தொழில் செய்த ஜப்பானிய மீனவர்க்கு அது பயன்பட்டு வந்தது.

1941 டிசம்பரில் போர் மூண்டதும் ஆங்கிலேய அரசு அதனைக் கைப்பற்றியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, பில் ரெய்னால்ட்ஸ் என்னும் முதிய ஆஸ்திரேலியர் ஒருவர் அதனைச் செலுத்தினார். சுமத்திராவின் கிழக்குக் கரையருகே குண்டுவீச்சில் மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பித் தீவுகளில் தவித்தோர் பலர். அவர்களுள் 1,100 பேருக்கு மேற்பட்டோரை இச்சிறு படகு கரை சேர்த்தது. அதன்பின் வங்கக் கடலைக் கடந்து இந்தியக் கரையை அடைந்து, பின்னர் ஆஸ்திரேலியா சென்றது. புதிய பெயர் பெற்றது அதன்பிறகே. ஆகவே இன்பம் என்னும் பெயரோடு உயிர் காத்த கலமே, நஞ்சுடைய பாம்பின் பெயரோடு போருக்குச் சென்றது.

1943ஆம் ஆண்டுப் பயணம்

சிங்கப்பூர்த் துறைமுகத்துக் கப்பல்களை மறைவாகச் சென்று தாக்குவது என்னும் திட்டம், ஐவன் லயன் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவரின் தலைமையில் உருவாயிற்று. அதற்கு 'ஜேவிக்' என்று பெயர். ஜப்பானிய மீன்படகின் உருவமே இதற்கு ஏற்ற மறைப்பு. எனினும் பழைய இயந்திரம் அடிக்கடி கெட்டுத் திட்டத்தைத் தாமதப்படுத்தியது. ஆறு உருளைகள் கொண்ட கார்ட்னர் டீசல் இயந்திரம் ஒன்றைப் பொருத்திய பிறகே நெடும்பயணம் இயல்வதாயிற்று.

1943 செப்டம்பர் 2ஆம் நாள், மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து 14 பேருடன் படகு புறப்பட்டது. கார்ஸ் என்னும் கடற்படை அதிகாரி அதனைச் செலுத்தினார். அவர்கள் மேனியில் கருஞ்சாயம் பூசி, கைலி உடுத்து, ஜப்பானியக் கொடி ஏற்றி, லொம்போக் நீரிணை வழியே பகைவர் கடலுட் புகுந்தனர். செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, மடக்கும் தோணிகள் மூன்றில் ஆறு பேர் துறைமுகத்துட் சென்று, கப்பல்களின் அடியில் காந்த வெடிகளை ஒட்டி மீண்டனர். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன என்று அக்காலத்துக் கணக்குக் கூறிற்று. பிற்கால ஆய்வாளர் அத்தொகையைச் சற்றுக் குறைத்துக் கூறுவர். அக்டோபர் 19ஆம் நாள் 14 பேரும் உயிருடன் திரும்பினர். பயணம் 48 நாள்.

வெளியார் கொடுத்த விலை

படகின் கதையை இத்துடன் நிறுத்துவோர் பலர். ஆயின் வரலாறு இத்துடன் நிற்கவில்லை. தாக்கியவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதை ஜப்பானியர் அறியவில்லை. சிங்கப்பூரினுள் உள்ளோரே துணை செய்தனர் என்று ஐயுற்றனர். 1943 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கி, கெம்பெத்தாய் என்னும் படைக்காவலர், சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியரையும் நகரத்துக் குடிமக்களையும் பிடித்துச் சென்று வதைத்தனர். 57 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 15 பேர் இறந்தனர். அவர்களுக்கும் படகுக்கும் எத்தொடர்பும் இல்லை. பத்தாம் மாதம் பத்தாம் நாள் தொடங்கியமையின் 'இரட்டைப் பத்து' நிகழ்ச்சி என்று இதனை வழங்குவர். குற்றம் புரிந்த காவலர்மீது 1946இல் சிங்கப்பூரில் வழக்கு நடந்தது.

படகைச் செலுத்தியோர் வெற்றியுடன் மீண்டதும் உண்மை. அவ்வெற்றியின் விலையைக் கொடுத்தோர் அதனை அறியாதவர் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே கூறாத நினைவுச்சின்னம் பாதியே பேசுவதாகும்.

போர்னியோவிலிருந்து மீட்பு

போர் முடிந்தபின் படகு விற்கப்பட்டு, வடபோர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், மரத்தொழிலுக்கு உழைத்தது. அங்கே அதற்கு வேறு பெயரும் இட்டனர். போர்ச் செயலை அறிந்த ஆஸ்திரேலியர் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதனை வாங்கினர். 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் அது சிட்னித் துறையில் நினைவுக்கலமாக ஏற்கப்பட்டது. தொண்டர் கடற்காவல் அமைப்பொன்று சில காலம் அதனைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 1985இல் ஆஸ்திரேலியப் போர் நினைவகம் அதனை ஏற்றது. பின்னர்ச் சிட்னியிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றது. தாக்குதலின் 75ஆம் ஆண்டு நிறைவான 2018ஐ முன்னிட்டு, 1943ஆம் ஆண்டுத் தோற்றத்தை அடையும் வண்ணம் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

மரக்கலத்தின் நோய்கள்

புதுப்பித்தலின் அருமையை உணர, மரக்கலம் எவ்வாறு கெடுகிறது என்பதை அறிதல் வேண்டும். படகின் முதுகெலும்பு ஏராக்கட்டை. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல் எழுவன வங்குகள். அவற்றின்மேல் தைப்பன பலகைகள். முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். இப்பெயர்களைத் தமிழர் வழங்கினர் என்பதே, இத்தொழில் அவர்க்குப் பழகிய ஒன்று என்பதற்குச் சான்று.

கடல்நீரே மரத்தைக் கெடுப்பது என்று எண்ணுவர் சிலர். உப்புநீரில் ஊறும் பலகையைவிட, மேல்தட்டின் இடுக்கு வழியே மழைநீர் புகுந்து தங்கும் இடமே விரைந்து உளுத்துப்போகும். கடல்நீரின் தீங்கு வேறு வகை: கப்பற்புழு என்னும் உயிர் பலகையைத் துளைத்து உள்ளே கூடாக்கிவிடும், வெளியே பார்ப்பார்க்கு மரம் முழுமையாகவே தோன்றும். இரும்பாணி துருப்பிடித்தால் அதனைச் சுற்றிய மரமும் கெடும். அணியமும் அமரமும் தம் பளுவால் தாழ, நடுவுடல் மேலெழும்பி, ஏரா வளைவதும் உண்டு.

மருத்துவமும் பொறுமை வேண்டுவது. வங்குகளை எல்லாம் ஒருங்கே அகற்றினால் படகு தன் உருவையே இழந்துவிடும். ஆதலின் இடையிட்டு ஒவ்வொன்றாகவே மாற்றுவர். புதுப் பலகையை நீராவியிலோ நெருப்பிலோ வாட்டி வளைப்பர். பலகைகளின் இணைப்பில் பஞ்சோ நாரோ திணித்து அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். திரங்கானுவின் டுயோங் தீவுத் தச்சர், செங்கால் மரப் பலகைகளுக்கிடையே கெலாம் மரப்பட்டையை வைத்து இதே பணியைச் செய்வர். எத்துணை நன்றாகக் கலப்பற்றினும், நெடுநாள் கரையில் உலர்ந்த படகு நீரில் இறங்கிய முதல்நாள் ஒழுகவே செய்யும். பலகை நீர் குடித்துப் பருத்தபின்பே இணைப்பு இறுகும்.

பழுதுபார்த்தலும் மீட்டலும்

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கேமரன் மலையில் திரிங்காப், கம்போங் ராஜா ஊர்களின் சாலையில், காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைக் காணலாம். இயந்திரம் மாறியிருக்கும், கதவு வேறு வண்டியினதாக இருக்கும், வண்ணமும் வேறு. ஓடினாற் போதும் என்பதே அங்கு நெறி. அது பழுதுபார்த்தல். அதிற் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. மீனவர் கையிலும் மரத்தொழிலாளர் கையிலும் இருந்தவரை கட்டுவிரியனும் இவ்வாறே பிழைத்தது.

மீட்டல் அஃதன்று. அதற்குக் காலம் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 1943ஐத் தேர்ந்தால், 1934இன் இயந்திரம் அங்கு இடம்பெறாது; போர்னியோவில் உழைத்த ஆண்டுகளின் தழும்புகளும் அகலும். ஏடு பதிப்பிப்போர் ஒரு பாடத்தைக் கொண்டு மற்றதை விடுவதுபோன்றதே இது. நல்ல பதிப்பாசிரியர் விட்ட பாடத்தை அடிக்குறிப்பில் காட்டுவர். காட்டாது விடுபவர் நூலைத் திருத்தியவரே ஆவர்; பதிப்பித்தவர் ஆகார்.

சோழர் காட்டிய நெறி

இந்நெறி மேனாட்டார் புதிதாகக் கண்டதன்று. காவிரிக் கரைத் திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் பழைய கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, முன்னிருந்த கற்களிற் கண்ட எழுத்துகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் பொறிப்பித்தார். இவை பழங்கல்லின் படி என்பதையும் குறிப்பித்தார். திருமழபாடியிலும் முதலாம் இராசராசன் காலத்தில், கோயிலைப் பிரித்துக் கட்டுமுன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள ஆணை பிறந்தது. அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லேறின. பிரிக்குமுன் படியெடு, படியைப் படி என்றே கூறு. ஆயிரம் ஆண்டுக்கு முன் தமிழகத்தில் நடைமுறையில் இருந்த நெறி இது. பழம்படகைப் பிரிக்குமுன் அளவெடுத்து, வரைந்து, படம்பிடித்து, எந்தப் பலகை பழையது, எது புதியது என்று பதிந்து வைத்தல் என்பதும் இதுவே. பிற்காலத் திருப்பணிகள் சிலவற்றில் சுண்ணாம்புக்குள்ளும் சிமெண்டுக்குள்ளும் கல்வெட்டுகள் மறைந்தமை, இந்நெறியை மறந்ததன் விளைவு.

எஞ்சிய பொருளும் எஞ்சாத மக்களும்

1943ஆம் ஆண்டு அக்டோபரில் இப்படகு மீண்டது. அதே திங்களில்தான் சயாம் மரண இரயில்பாதையும் முடிவுற்றுத் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பாதவர் மிகப் பலர். பதினால்வரின் கதையை உலகம் அறிவதற்கு ஒரு காரணம், அவர்களைச் சுமந்த பலகைகளைச் சிலர் பேணியமை. பல்லாயிரவரின் கதைக்கு அத்தகைய பொருட்சான்று மிகக் குறைவு. பொருள் அழிந்த இடத்தில் நினைவு வேரூன்றுவது அரிது.

தோட்டங்களில் பழைய லயன் வீடுகள் இடிபடுகின்றன. பள்ளிப் பதிவேடுகள் செல்லரிக்கின்றன. தேயிலை ஆலைகளின் பழைய கருவிகள் எடைக்குப் போகின்றன. அனைத்தையும் காத்தல் இயலாது; காக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் இடிக்குமுன் அளவெடுத்தலும், எறியுமுன் படியெடுத்தலும், முதியோர் அவற்றைப் பற்றிக் கூறுவதை எழுதி வைத்தலும் இயலும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அளவுகோலும் ஏடும் மாணவர் சிலரும் போதும். திருமழபாடியில் முதலிற் செய்ததும் எழுத்துகளைப் புத்தகத்தில் ஏற்றியதுதான். அவற்றைக் கல்லில் வெட்டியது அடுத்த அரசன் காலத்தில். தமிழாசிரியர் இன்று எழுதி வைக்கும் ஏடும் அங்ஙனமே தன் காலத்துக்குக் காத்திருக்கும்.