உப்புக்குக் கணக்கு உண்டு, தண்ணீருக்கு இல்லை

மரக்காணத்து உப்பை எடைபோடாத ஆட்சி இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவ்வளவு பழைய கரை இது. சென்னை மாகாணத்தில் 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பை ஏகபோகமாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு பாத்தியில் விளைந்ததெல்லாம் சர்க்கார் கணக்கில் ஏறியது. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம். அதன் வழியாகத்தான் எங்கள் பக்கத்து உப்பு மூட்டை மூட்டையாகப் படகேறிச் சென்னைக்குப் போனது. 1923இல் உப்பு வரியை இரட்டிப்பாக்கி மணங்குக்கு இரண்டரை ரூபாய் என்றார்கள். 1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை போனார். 1947இல் வரி ஒழிந்தது.

இந்த வரலாற்றில் உப்பு இருக்கிறது, வரி இருக்கிறது, போராட்டமும் இருக்கிறது. அந்த உப்பை வாரியவள் ஒரு பகலில் எத்தனை செம்பு தண்ணீர் குடித்தாள் என்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

நான் பிரம்மதேசத்தில் வாழ்க்கைப்பட்டவள். மரக்காணத்துக்கு மேற்கே திண்டிவனம் சாலையில் இருக்கும் ஊர். பிறந்த வீடு கடலோரம். அம்மா உப்பளத்துக் கூலி. அரசு சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இந்த வட்டாரத்து ஜனங்களின் சிறுநீரையும் இரத்தத்தையும் பார்த்தே என் காலம் போனது.

அம்மா விடியுமுன் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்புவாள். பிறகு உச்சிப்பொழுது தாண்டி வீடு திரும்பும்வரை வாயில் தண்ணீர் படாது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த அளத்தில் ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. "தண்ணி குடிச்சா எங்கடி போய் ஒதுங்கறது?" என்பாள். தாகத்தை அடக்குவதையும் சிறுநீரை அடக்குவதையும் தொழிலோடு சேர்த்தே தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாத்தி மிதிப்பதும் உப்பு வாருவதும் கூடை தூக்குவதும் எப்படியோ, அப்படியே இதுவும் ஒரு பழக்கமாக வழிவழியாய் வந்தது.

அதனால் எங்கள் தெருவில் நீர்க்கடுப்பு இல்லாத வீடு கிடையாது. கால் கட்டைவிரல் நகத்தில் ஈரச் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவுவார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் நெருஞ்சிமுள்ளோ சிறுபீளையோ இடித்துக் கொதிக்க வைத்த கஷாயம், இல்லையென்றால் பார்லிக் கஞ்சி. சுண்ணாம்பு சிறுநீர்ப் பையிலுள்ள கிருமியை ஒன்றும் செய்யாது. கஷாயத்தையும் கஞ்சியையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க வறண்டு கிடந்த உடம்புக்குள் அந்தச் சாக்கிலாவது இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் போனது.

பெண்ணுக்குச் சிறுநீர்த் தாரை நாலு சென்டிமீட்டர் அளவுதான். கிருமி சுலபமாக ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் கழித்தால் அது அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை போய்க் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கவைக்கும்.

சித்திரை, வைகாசியில் அளத்திலிருந்து வருகிறவர்கள் தரும் பாட்டிலைக் கையில் வாங்கியதும் தெரிந்துவிடும். கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். சோதனைப் பட்டையை நனைத்தால் அடர்த்தி 1.030 என்று காட்டும். போதுமான தண்ணீர் குடிக்கிறவருக்கு அது 1.010க்குப் பக்கத்தில் நிற்கும். பக்கத்துக் கட்டத்தில் லேசாகப் பச்சை ஏறினால் புரதம் கசிகிறது என்று பொருள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்தப் பச்சைதான்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே வெளியே வரும். மற்றதெல்லாம் உடம்புக்கே திரும்பிவிடும். இந்த வேலைக்காக இருதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. வெயிலில் வியர்வை கொட்டும்போது, தண்ணீரைப் பிடித்து வை என்று மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வரும். சிறுநீர் சுண்டும், கறுக்கும். அப்படியும் நீர் கிடைக்காவிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமே குறைந்து, நுண்குழாய்களின் செல்கள் அடிபடும். ஒருநாள் பட்ட அடி ஓய்வில் ஆறும். தை தொடங்கிப் புரட்டாசிவரை தினமும் பட்டால் தழும்பாகிவிடும். வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்கள் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் பத்து லட்சம். போனது போனதுதான், மறுபடி முளைக்காது.

இதைத் தமிழ்நாட்டு அளங்களிலேயே அளந்து பார்த்தவர்கள் உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017 முதல் 2020 வரை ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெக்கையில் வேலை செய்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தவர்கள் 7 சதவீதம். எல் சால்வடோர், நிகரகுவா கரும்புக் காடுகளில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாத இளவயது ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து சாவதை மருத்துவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். அங்கேயும் சந்தேகத்தின் முதல் வரிசையில் நிற்பவை வெக்கையும் வறட்சியும்தான். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானத்திலும் விவசாயிகளை வாட்டும் நோய்க்குக் காரணம் இன்னும் முடிவாகவில்லை. குடிநீர், பூச்சிமருந்து, வெயில் என்று வாதம் நடக்கிறது.

எங்கள் அளத்தில் நான் கண்ட இன்னொன்று வலி மாத்திரை. கூடை தூக்கித் தூக்கி இடுப்பும் முழங்காலும் விட்டுப்போனவர்கள் பெட்டிக்கடையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவார்கள். வறண்ட உடம்பில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தை இன்னும் குறைக்கும். காலை வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் தண்ணீரில்லாத ஒரு முழுப் பொழுது. வெயில்கூட இவ்வளவு கெடுதல் செய்யாதோ என்று நான் பயப்படுவது இந்தச் சேர்க்கையைக் கண்டுதான்.

மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும் மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் தருகிறது தமிழக அரசு. நல்ல காரியம். 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. அந்த அறிவிப்பு வரப்புவரை வரவேண்டும். குத்தகைதாரர்கள் நடந்துபோகும் தூரத்தில் பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறை கட்டட்டும். பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகையும் நல்ல தண்ணீரும் வைக்கட்டும். கழிப்பறை இல்லாமல் தண்ணீர்ப் பானையை மட்டும் வைத்தால் எங்கள் பெண்கள் அதைத் தொட மாட்டார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது அளத்துக்குப் போகிறார்கள் என்றால், சீசன் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் வலிக்காது.