கையில் அறுவை சிகிச்சை: கட்டு நனையாமல் ஒளூ செய்வது எப்படி?

மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப் போவதைக் 'கார்பல் டனல்' என்கிறார்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம். வேறு சிகிச்சையில் குணமாகாவிட்டால் உள்ளங்கையில் கீறி அழுத்தத்தை நீக்குகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அதன் பிறகுதான் குழப்பம். சிலர் ஒளூ செய்யப் போய்க் கட்டை நனைத்துவிடுகிறார்கள். சிலர் கட்டு அவிழும்வரை தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் கூடாது.

முதலில், முன்னேற்பாடு. மோதிரத்தையும் வளையலையும் முதல் நாளே கழற்றிவிட வேண்டும். கை வீங்கினால் மோதிரம் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நகத்தில் மருதாணியோ பாலிஷோ வேண்டாம். நகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி ஒளூ. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. சலுகை இல்லை என்று உடனிருந்தவர்கள் கூற, அவர் குளித்து இறந்துபோனார். செய்தி அறிந்த நபியவர்கள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்சம்பவம், தெரியாமல் சட்டம் சொல்பவர்களுக்குப் பெரிய எச்சரிக்கை.

ஹனஃபி மத்ஹபில், கட்டு இல்லாத பகுதியைக் கழுவி, ஈரக் கையால் கட்டின் பெரும்பகுதியை ஒருமுறை தடவினால் (மஸ்ஹு) போதும். தயம்மும் தேவையில்லை, தொழுகையை மீட்டவும் வேண்டாம். ஷாஃபி மத்ஹபில், கழுவுவதோடும் மஸ்ஹோடும் தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். கட்டு கையில் இருப்பதால் குணமானதும் அத்தொழுகைகளை மீட்ட வேண்டும் என்பதே வலுவான கருத்து. தடவும் ஈரமே காயத்துக்குக் கெடுதல் என்று மருத்துவர் சொன்னால் மஸ்ஹும் விலக்கு.

கை வலிக்கிறது என்பதற்காக நாற்காலிக்கு மாற வேண்டியதில்லை. நிற்பதும் குனிவதும் வழக்கம்போல் இருக்கட்டும். ஸஜ்தாவில் மட்டும் அந்தக் கையில் பாரம் போடாமலிருந்தால் சரி. வலது கையில் கட்டு இருக்கும்போது இடது கையால் உண்பதில் குற்றமில்லை.

முதல் சில நாட்கள் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, தலையணையில் வைத்துக்கொண்டால் வீக்கம் குறையும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். அசைக்காமல் வைத்தால் இறுகிவிடும். விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தையல் பிரிக்க ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். தையல் பிரித்ததுமே சோற்றுப் பானையை இறக்கவும் துணி பிழியவும் வீட்டுப் பெண்களை விட்டுவிடுகிறோம். உள்ளங்கையில் பிடிமானம் திரும்பப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அந்த வேலைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.